முரண்பாடுகளை ஆராய்வோர் கிணற்றடிக்கு வரவேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

சமூக, பண்பாட்டு முரண்பாடுகள் பற்றிய ஆய்வரங்குகள், நூல் வெளியீடுகள், கலந்துரையாடல்கள் குறித்த செய்திகள் தங்கள் பத்திரிகையில் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றை ஒன்றுவிடாமல் வாசித்து வருபவன் என்ற முறையிலும், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் வலிகாமத்தில் ஒரு மத்தியஸ்த சபையில் தொண்டாற்றி வருபவன் என்ற முறையிலும், நெடுநாளாக மனதிற் கிடக்கும் ஒரு கருத்தைத் தங்கள் வாசகர் முன்னும், சிறப்பாக எமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சமூகத்தின் முன்னும் வைக்க விரும்புகிறேன். எங்கள் மண்ணின் பிணக்குகளை ஆராய்பவர்கள் பலர் வருகிறார்கள். சட்டம் படித்தவர் ஒரு நாள் வருகிறார். சமூகவியல் படித்தவர் வேறொரு நாள் வருகிறார். நீரியல் படித்தவர் இன்னொரு பருவத்தில் வந்து போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போகிறார். இவர்கள் எல்லோரும் ஒரே நாளில், ஒரே பிணக்கின் முன் கூடி நின்றதை நான் இதுவரை காணவில்லை. அப்படி நின்று பார்க்காதவரை அவர்களுடைய உழைப்பு எங்கள் பிணக்குகளுக்குப் பயன்படப் போவதில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

இலங்கையின் 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள், வழக்கு நீதிமன்றப் படி ஏறுமுன் அயலவரை ஒரு மேசையின் இரு பக்கத்திலும் இருத்திப் பேசவைப்பதற்காக ஏற்பட்டவை. வார இறுதியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், பிள்ளைகளின் வாங்குகளில், மத்தியஸ்தர் மூவரும் பிணக்காளிகளுமாக அமர்கிறோம். வேலி, ஒழுங்கை, கிணறு, கைமாற்றுக் கடன், வாய்த்தர்க்கம் என்பனவே எங்களிடம் பெரும்பாலும் வருபவை. போர், இனமுரண்பாடு, நல்லிணக்கம் என்று பெரிய சொற்களில் எழுதுபவர்களுக்கு இவை சில்லறைப் பிணக்குகளாகத் தோன்றலாம். அந்தப் பெரிய சொற்கள் அத்தனையும் ஒரு பங்குக் கிணற்றுக்குள் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சபையிற் பேசப்பட்டதை வெளியிற் சொல்லாமை எங்கள் கடமையாதலால், ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே அதனை இங்கு எழுதுகிறேன்.

நான்கு வளவுகளுக்கு, அதாவது வீட்டுக் காணிகளுக்கு, பொதுவான கிணறு. நான்கு காணி உறுதிப் பத்திரங்களிலும் 'பங்குக் கிணறும் அதன் வழிவாய்க்காலும்' என்ற வாசகம் இருக்கிறது. ஒரு வளவின் சொந்தக்காரர் கனடாவில். அவருக்குப் பதிலாகக் கையொப்பமிடும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தை வைத்திருப்பவர் கொழும்பில். இன்னொரு வளவுக்காரர் வெங்காயமும் மிளகாயும் செய்கிறவர். அவருடைய மோட்டர் விடியற்காலையிலேயே இறைக்கத் தொடங்கிவிடும். மூன்றாவது குடும்பம் 1970களில் அந்தக் காணியை விலைக்கு வாங்கியது. 1990இல் இடம்பெயர்ந்து, பிறகு வன்னி, முகாம் என்று அலைந்து, திரும்பி வந்தபோது கிணற்றுக்கட்டில் இரும்புக் கம்பிவலை போட்டுப் பூட்டியிருந்தது. நான்காவது வளவில் தனியே வாழும் எழுபது வயது கடந்த ஓர் அம்மா. முறைப்பாடு செய்தவர் அவர்தான். முதல் அமர்வுக்கு அவர் ஒரு பழைய சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். "குடிச்சுப் பாருங்கோ ஐயா, பிறகு கதையுங்கோ" என்றார். நான் ஒரு மிடறு குடித்தேன். நாக்கில் உவர் நின்றது.

அந்தப் போத்தலை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, அதற்குச் சொல்ல எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. யார் எத்தனை மணிக்கு மோட்டர் போடலாம், பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கவேண்டும், தூர்வாரிய செலவை யார் கொடுப்பது என்பவைதான் முறைப்பாட்டில் எழுதப்பட்டிருந்த விடயங்கள். இரண்டு அமர்வுகள் அவற்றிலேயே கழிந்தன. மூன்றாவது அமர்வில், விலைக்கு வாங்கிய குடும்பத்தின் மூத்த மகள் எழுந்து, தன் பேத்தி (பாட்டி) அந்தக் காலத்தில் அந்தக் கிணற்றடியில் குடத்தோடு காத்து நிற்பாராம், வளவுக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணீராம், தான் கிணற்றுக்கட்டில் ஏறக்கூடாதாம் என்று சொன்னார். "அந்தக் கிணத்திலை எங்களுக்குப் பங்கு வேணுமெண்டுதான் அப்பா அந்தக் காணியை வாங்கினவர். இப்ப பூட்டுப் போட்டிருக்கினம்." வகுப்பறையில் ஒருவரும் பேசவில்லை. தூர்வாரியது நான், பூட்டியதும் நான், பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்றுதான் பூட்டினேன் என்று வெங்காயத் தோட்டக்காரர் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதே பூட்டு அந்த மகளின் கண்ணுக்கு வேறொன்றாகத் தெரிந்தது என்பதும் உண்மை.

இந்தப் பிணக்கை எந்தத் துறைக்காரர் தீர்ப்பார் என்று வாசகர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். சட்டத்தரணி உறுதியைப் பார்த்து நால்வருக்கும் சமபங்கு என்பார். இருபது ஆண்டு ஆட்சியில் இல்லாதவரின் உரிமை என்னாவது என்று கேட்டால், போரினாற் காணிக்கு உரிமை கோர இயலாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்பதற்காக 2016இல் இயற்றப்பட்ட 5ஆம் இலக்கச் சட்டத்தைச் சுட்டுவார். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அதிற் குறிக்கப்பட்டிருக்கிறது. சரிதான். ஆனால் சமபங்கு உள்ள நால்வரும் சமமாக மோட்டர் போட்டால் கிணறு என்னவாகும் என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் விடையில்லை. அதை அறிந்தவர் நிலத்தடி நீரைப் படித்தவர். எங்கள் சுண்ணக்கற் படுகையில் மழைநீர், அடியில் ஊடுருவிக் கிடக்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது என்பதையும், மேலே நன்னீர் ஓர் அடி தாழ்ந்தால் கீழே உவர்நீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலெழக்கூடும் என்பதையும் அவர் சொல்லுவார். உயர்தரத்தில் புவியியல் படித்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் அந்த நீரியலாளருக்குப் பேத்தி காத்து நின்ற கதை தெரியாது. அவருடைய படிவத்தில் அதற்கு ஒரு நிரலும் இல்லை. சாதி பாராட்டி ஒதுக்குவதைத் தடுக்க வந்த 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பற்றியும், 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலம் பற்றியும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் பற்றியும் எழுதும் வரலாற்றாளருக்கு அக்கதை நன்கு விளங்கும். அவரோ கிணறு உவராவதைப் பற்றிப் பேசமாட்டார்.

கடைசியில் நாங்களே ஓர் இணக்கம் எழுதினோம். பூட்டை அகற்றுவது, நான்கு திறப்பு என்ற பேச்சே வேண்டாம் என்பது, தோட்டத்துக்குக் காலையில் ஒரு மணித்தியாலமும் மாலையில் ஒரு மணித்தியாலமும் மட்டுமே இறைப்பது என்று நால்வரும் கையொப்பமிட்டார்கள். அந்த 'ஒரு மணித்தியாலம்' எங்கிருந்து வந்தது? ஒரு ஆய்விலிருந்தும் வரவில்லை. மேசையிலிருந்த ஒருவர் ஒரு மணித்தியாலம் என்றார், மற்றவர் சரியென்றார், எழுதினோம். அந்தக் கிணற்றுக்கு ஒரு மணித்தியாலம் தாங்குமா, அரை மணித்தியாலந்தான் தாங்குமா என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. அடுத்த புரட்டாதியில், மழை வருமுன், கிணறு மீண்டும் உவர்த்தபோது இணக்கமும் முறிந்தது. அந்தக் குடும்பங்கள் மறுபடியும் எங்கள் முன் வந்து நின்றபோது, சாதிப்பேச்சு முன்னையதைவிடக் கடுமையாக வெளிவந்தது. அறியாமையினால் நாங்கள் எழுதிய ஒரு எண், பழைய காயத்தைக் கீறிவிட்டது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

துறைகள் கூடவேண்டும் என்பது நானாகக் கண்டுபிடித்த புதுமையன்று. போரையும் பூசலையும் ஓர் ஆய்வுப் பொருளாக ஆக்கிய முன்னோடிகளே எல்லை தாண்டியவர்கள்தான். பிரித்தானியரான லூயிஸ் ரிச்சர்ட்சன் வானிலையாளர். முதலாம் உலகப் போரில் நோயாளர் காவுவண்டி ஓட்டியவர். வானிலையை எண்கணிதத்தால் முன்கூட்டிச் சொல்ல முயன்ற அதே முறையைப் பின்னர் போர்கள் ஏன் மூளுகின்றன என்ற வினாவுக்கும் பயன்படுத்தினார். நோர்வேயின் யோகான் கல்டுங் கணிதமும் சமூகவியலும் ஒருங்கே கற்றவர். 1959இல் ஒஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடக்கியவர். துப்பாக்கி வெடிக்காத இடத்திலும் ஒரு சமுதாய அமைப்பே மனிதரின் வாழ்நாளைக் குறைக்குமானால் அதுவும் வன்முறையே என்று 1969இல் எழுதியவர். கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்ற பேத்தியின் கதையைக் கேட்டபோது எனக்கு அந்தக் கருத்துத்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு அதை விளக்க நோர்வேக்காரர் தேவையில்லை என்று சிலர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அடித்தால்தான் வன்முறை என்று எண்ணுகிற எங்கள் பொதுப் பேச்சுக்கு அவருடைய அந்த ஒரு விரிவு பெரிய உதவி.

எங்கள் ஊரிலேயே இதைவிடக் கிட்டிய முன்மாதிரி உண்டு என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்லவேண்டும். 1980களின் கடைசியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன் ஆகிய இருவரும், உளமருத்துவரான தயா சோமசுந்தரமும், உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகமவும் சேர்ந்து, தம்மைச் சூழ நடந்தவற்றை எழுதினார்கள். 'முறிந்த பனை' என்ற அந்நூலின் ஒவ்வொரு முடிவோடும் நான் உடன்படுகிறேன் என்று சொல்ல வரவில்லை. அதுபற்றி எங்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நால்வரில் ஒருவர்கூட அரசியல் விஞ்ஞானமோ சமூகவியலோ கற்பித்தவர் அல்லர் என்பதை மட்டும் கவனிக்கும்படி கேட்கிறேன். அழுது வந்த பெண்களின் வாக்குமூலமும், நாட்குறிப்பும், நோயாளரின் மனநிலையும், அரசியல் வரலாறும் ஒரே நூலுக்குள் வந்தது, 'துறையிடை ஆய்வு' என்று எவரும் நிதி கொடுத்ததனால் அல்ல. நடந்தது ஒரு துறைக்குள் அடங்காதிருந்ததனால். அதற்காக ராஜினி கொடுத்த விலையை 1989 செப்டெம்பர் 21ஆம் திகதியை அறிந்த எவரும் மறக்கமாட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த உளமருத்துவர் பின்னாளில் 'கூட்டு மனவடு' பற்றி எழுதியபோதும் மருத்துவத்தோடு நிற்கவில்லை. குடும்பம், ஊர், கோவில், சடங்கு என்பன குலைந்தால் ஒரு சமுதாயம் முழுவதும் நோயுறுகிறது என்பதைக் காட்ட அவர் மானிடவியலாளரின் பக்கம் போகவேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய முதுசத்தை வைத்துக்கொண்டு நாம் இன்று என்ன செய்கிறோம்? கிளிநொச்சியிலுள்ள இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010இல் வகுக்கப்பட்ட குடிநீர்த் திட்டம், இரணைமடுக் குளத்தின் நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதையே முதலில் அடிப்படையாகக் கொண்டிருந்தது. அணைக்கட்டை உயர்த்தினால் இவ்வளவு நீர் மேலதிகமாகத் தேங்கும், அதில் இவ்வளவு குடாநாட்டுக்கு என்று பொறியியற் கணக்கு எழுதப்பட்டது. அந்தக் கணக்குப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அத்தகுதி இல்லை. ஆனால் கிளிநொச்சி விவசாயிகள் அதை எதிர்த்தபோது, அது நீரின் அளவு பற்றிய எதிர்ப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. சிறுபோகம் எனும் கோடைகால நெற்செய்கைக்கு எல்லாக் காணிக்கும் நீர் எட்டாத குளம் அது. வாய்க்காலின் கடைவயற்காரர் ஒவ்வோர் ஆண்டும் முறைக்காகக் காத்திருக்கிறவர்கள். அவர்களிற் பலர் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து காடு வெட்டியவர்களின் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தார் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவர்களுக்குள் நெடுங்காலமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்கள் வீடுகளில் வன்னி பற்றியும் மலையகத்தாரைத் தோட்டக்காட்டார் என்று இழித்துச் சொல்லியும் பேசப்பட்ட பேச்சுக்களை நானே கேட்டு வளர்ந்திருக்கிறேன். அந்த மனத்தாங்கல் எந்தச் சாத்தியவள அறிக்கையின் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது? மாகாணசபை, விவசாயிகள், அதிகாரிகள் எனப் பல ஆண்டு இழுபறிக்குப் பின்னர் திட்டம் வடமராட்சி கிழக்குக் கரையிலுள்ள தாளையடிக்கு மாறியது; நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. அங்கும் வடமராட்சி கிழக்கு மீனவர்கள் உவர்க்கழிவு பற்றிய அச்சத்தோடு முன்வந்தபோது, அதே குறைதான் மீண்டும் வெளிப்பட்டது.

இதில் எனக்கு ஒரு விடயம் நெஞ்சை உறுத்துகிறது. எமது பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சியில் அறிவியல் நகரில், இரணைமடுவுக்குக் கிட்ட அமைந்திருக்கின்றன. சமூகவியலும் வரலாறும் சட்டமும் கற்பிக்கப்படுவது திருநெல்வேலியில். குளத்தருகே இருப்பவர்கள் நீரைக் கணக்கிடுகிறார்கள். தாகமுள்ள இடத்தில் இருப்பவர்கள் மனிதரைக் கணக்கிடுகிறார்கள். இடையில், குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஆனையிறவு. இரண்டு பீடத்து இறுதியாண்டு மாணவர்கள் இருவர் ஒரே ஆய்வேட்டை ஒன்றாக எழுதுவதற்கு இன்று வழியிருக்கிறதா என்று நான் அறிந்த விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டேன். "புள்ளி யாருக்குப் போடுறது மாஸ்டர்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் நல்ல மனிதர். அவருடைய கேள்வியும் நியாயமானது. ஆனால் ஒரு சமுதாயத்தின் பிணக்குகளை விளங்கிக்கொள்ளும் முயற்சி புள்ளி போடும் படிவத்தில் முட்டி நிற்பதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கலாமா?

கடலிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவுடன் செய்த கடல் எல்லை உடன்படிக்கைகளைச் சட்டத்துறையார் படிக்கிறார்கள். இழுவைமடி கடலடியைச் சுரண்டுவதைக் கடலியலார் படிக்கிறார்கள். 2017இல் எமது நாட்டில் இழுவைமடித் தொழில் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. ஆனால் கரைக்கு வந்து பார்த்தால், தமிழகத்து இழுவைப்படகுகள் வரும் இரவுகளில் வலையை விரிக்காமல் வீட்டில் இருக்கும் மீனவன், அந்தப் படகிலிருப்பவனும் தன் மொழி பேசுகிறவன், தன் சாமியைக் கும்பிடுகிறவன், போர்க்காலத்தில் தன் உறவினருக்கு இடங்கொடுத்தவன் என்பதை ஒரு நெஞ்சிலும், தன் வலையை அறுத்தவன் என்பதை மறு நெஞ்சிலும் வைத்துக்கொண்டிருக்கிறான். 2010 ஓகஸ்டில் சென்னையில் இரு கரை மீனவரும் தாங்களே பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. அது ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்பதைப் படகுக் கடன் பற்றி அறிந்தவர், மீன்வளம் அறிந்தவர், உறவுமுறை அறிந்தவர் மூவரும் ஒருமித்துத்தான் சொல்லமுடியும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கடிதம் நேர்மையற்றதாகிவிடும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டே மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மாதத்தில் இவ்வாறு வெளியேற நேர்ந்தது. அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாய் வாழ்ந்து, அங்கேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்கள். இன்று முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெருவில் ஒரு பழைய வளவுக்கு உரிமை கேட்டு வருபவர்கள், அன்று போன ஒரு குடும்பத்தின் ஐந்து கிளைகள். கிராம அலுவலரின் பதிவில் அன்று இருந்தது ஒரு குடும்பம். ஒரு வீட்டுத்திட்டத்தில் ஐந்து குடும்பத்துக்கும் இடமுண்டா இல்லையா என்பது குடித்தொகைக் கணக்கு. முப்பது ஆண்டாகப் புத்தளத்திற் படித்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் சொந்த ஊரா என்பது மனத்தின் கேள்வி. அயலில் இருந்து அந்த நாளைப் பார்த்த தமிழர்களாகிய நாங்கள் அதைப்பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொன்னோம் என்பது அறத்தின் கேள்வி. மூன்றாவது கேள்வியைக் கேட்கும் துறை எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்காமல் முதலிரண்டையும் கேட்கும் ஆய்வாளரை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து வீடொன்றில் தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவார்கள், உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

ஆய்வாளர்கள் எங்களிடம் எப்படி வருகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. மீள்குடியேறிய பகுதியொன்றில் வாழும் என் தமக்கையார் வீட்டுக்கு ஒருமுறை ஓர் இளம்பெண் வினாக்கொத்தோடு வந்திருந்தார். நானும் அப்போது அங்கிருந்தேன். எந்த நிறுவனத்தின் ஆய்வு என்பதை இங்கு குறிப்பிட விரும்பவில்லை. "முரண்பாட்டுக்குப் பின்னரான சூழலில் சமூக ஒத்திசைவு பற்றிய உங்கள் திருப்தியை ஒன்றிலிருந்து ஐந்து வரை குறிப்பிடவும்" என்று அந்தப் பிள்ளை வாசித்தார். அக்கா சற்று யோசித்துவிட்டு, "அஞ்செண்டால் நல்லதோ பிள்ளை, கூடாததோ?" என்று கேட்டார். "நல்லது அம்மா." "அப்ப அஞ்சு போடுங்கோ. நீங்கள் வெயிலுக்கை வந்திருக்கிறியள்." அந்த ஐந்து எங்கோ ஓர் அட்டவணையில் இன்றும் இருக்கும். அந்தப் பிள்ளை போன பின்னர், வேலியின் அடுத்த பக்கத்தாரோடு நான்கு ஆண்டாகப் பேச்சில்லை என்பதை அக்கா எனக்குச் சொன்னார். காரணம் வேலியில் நட்ட ஒரு கதியால். அதன் பின்னால் 1995 இடப்பெயர்வின்போது யார் யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்ற கதை. அந்த வினாக்கொத்தை ஆக்கியவர்களின் மேசையில் தமிழிற் சிந்திக்கும் ஒருவராவது இருந்திருந்தால், 'அயலட்டை' என்ற எங்கள் சொல்லை வைத்து, "அயலட்டையோடை இப்ப எப்பிடி?" என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்கு அக்கா ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பார்.

அந்த ஆய்வின் முடிவை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. 1950களில் இங்கு வந்து சாதியமைப்பை ஆராய்ந்த மைக்கேல் பாங்ஸ் முதற்கொண்டு எத்தனையோ மானிடவியலாளர்கள் யாழ்ப்பாணத்தைப்பற்றி எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படிக்கவேண்டுமானால் ஆங்கிலமும் வேண்டும், பெரிய நூலகமும் வேண்டும். எங்களிடம் இருந்த பெரிய நூலகமான யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 1981 மே 31 இரவு என்ன நடந்தது என்பதை இப்பத்திரிகை வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களோடு, எங்களைப்பற்றி நாங்கள் அறிந்திருந்தவையும் சாம்பலாயின. அதன்பின் 2005இலிருந்து 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத் திட்டத்தினர் ஈழத்து ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவேற்றி வருவதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் அங்கு போய்ச் சேர்வதற்கு ஆய்வாளர் தம் ஆய்வைத் தமிழில் எழுதியிருக்கவேண்டுமல்லவா? ஆங்கில ஆய்விதழில் வந்த பத்துப் பக்கத்துக்குப் பதவி உயர்வில் மதிப்பு. ஊர்மக்களுக்காகத் தமிழில் எழுதிய பத்துப் பக்கத்துக்கு மதிப்புக் குறைவு என்ற நிலை மாறாதவரை இளம் விரிவுரையாளரைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் சிறியவையும் செய்யக்கூடியவையுமே. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒரேயொரு பிணக்கை, குடாநாட்டிலோ வன்னியிலோ, உள்ளபடியே எடுத்துக்கொண்டு, குறைந்தது மூன்று பீடங்களின் மாணவர்களை ஒன்றாக அங்கே அனுப்பவேண்டும். ஒரு மாநாட்டில் ஐந்து துறையார் ஐந்து கட்டுரை படித்துவிட்டு மதியபோசனத்தோடு கலைவதைப் பல்துறை என்று சொல்லலாம். துறைகள் ஒன்றையொன்று திருத்துகிற ஆய்வு அதுவன்று. நீரியல் மாணவன் பேத்தியின் கதையைத் தன் காதால் கேட்கவேண்டும். வரலாற்று மாணவி உவர்நீர்மானியைத் தன் கையாற் கிணற்றுக்குள் இறக்கவேண்டும். புள்ளியை இருவருக்கும் பாதிப்பாதியாகப் போடுங்கள், அதனால் எந்தப் பல்கலைக்கழகமும் தாழ்ந்துவிடாது. கேள்விகளை எழுதுமுன் அந்த ஊரில் ஒரு வாரம் பேச்சைக் கேட்கவேண்டும். முடிவை, படித்தவர் பாராட்டும் நடையில் வேண்டாம், ஒரு சாதாரணதரப் பிள்ளை வாசிக்கும் தமிழில் இருபது பக்கத்தில் எழுதி, யாரிடம் கேட்டீர்களோ அவர்களுடைய சனசமூக நிலையத்தில் வைக்கவேண்டும். பிழை இருந்தால் ஊரவர் அதன் ஓரத்தில் எழுதட்டும்.

மத்தியஸ்தர்களாகிய எங்களையும் பயன்படுத்தலாம். பிணக்காளிகளின் இரகசியத்தை நாங்கள் தரமாட்டோம், தரவும் கூடாது. ஆனால் எவ்வகைப் பிணக்குகள் எந்த மாதத்தில் பெருகுகின்றன, எந்த இணக்கங்கள் ஓர் ஆண்டு தாண்டியும் நிற்கின்றன, எவை முறிகின்றன என்று சொல்ல எங்களிற் பலரால் முடியும். கிணற்றுப் பிணக்குகள் கோடையிற் கூடுகின்றன என்பதைச் சொல்ல எனக்கு ஒரு பட்டம் தேவைப்படவில்லை. அது ஏன், எந்த மட்டத்துக்குக் கீழே, யாருக்கிடையே என்பதைச் சொல்லத்தான் அறிஞர் தேவை.

அந்த அம்மாவின் கிணறு இன்னும் உவர்க்கிறது. அடுத்த அமர்வு வைகாசியில், கோடை ஏறுமுன், நடக்கவிருக்கிறது. நான்கு குடும்பத்தாரும் சம்மதித்திருக்கிறார்கள்: நீரைப் பரிசோதிக்கத் தெரிந்த ஒருவரும், ஊர்வரலாறு கேட்கத் தெரிந்த ஒருவரும், அவரவர் விருப்பத்தோடு கிணற்றடிக்கு வந்தால், பேச அவர்கள் ஆயத்தம். எங்கள் சனசமூக நிலையத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளை ஒதுக்கி ஓர் இறாக்கையையும் (புத்தகத் தட்டையும்) வெறுமையாக்கி வைத்திருக்கிறோம். எங்கள் பகுதியைப்பற்றி முன்னர் ஆராய்ந்தவர் எவரேனும் இக்கடிதத்தை வாசிக்க நேர்ந்தால், எந்த மொழியிலாயினும் ஒரு பிரதியைத் தங்கள் அலுவலகத்தின் ஊடாக அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழாக்கும் வேலையை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் மூவர் பொறுப்பேற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.